வழிநடைப் பாத்தியம்

வீட்டில் இருப்பது ஒரே கணினி.
அதற்குள் இரண்டு குடித்தனம்.
சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில்
மேலே தம்பி பெர்ஜினின் லினக்ஸ்,
கீழே என்னுடைய விண்டோஸ்.
பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணும்.
அதற்குள் கீழ் அம்பை நான் அமுக்காவிட்டால்
அவன் வீட்டுக்குள் போய் நிற்க வேண்டும்.

மூன்று வருடம் இப்படி.
மரச்சீனி வெந்துகொண்டிருக்கும்போதே
அடுக்களையிலிருந்து ஓடி வருவேன்.
கரண்டு போய்ப் போய் வரும் மழைநாளில்
ஒரு பிரமாணம் அடித்து முடிக்க
ஐந்து ஓட்டம்.

தோஹாவிலிருந்து சொன்னான்:
"எனக்கு வேண்டாம் அக்கா, அழிச்சுப் போடு.
அதுல ஒண்ணும் கெடக்கல்ல."

ஒன்றும் கிடக்காத இடத்தில் கிடந்தவை:
பயோடேட்டா. பயோடேட்டா புதுசு.
பயோடேட்டா கடைசி. பயோடேட்டா கடைசி இரண்டு.
குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியில்
ராட்டினத்தை எடுத்த நாற்பத்தொரு படம்,
எல்லாம் கலங்கல்.
ஜோஸ்லின் என்று ஒரு கோப்பு, பூட்டியிருந்தது.
பென்டிரைவில் ஏற்றினேன், பூட்டோடு.

பிரமாணம் எழுதும் கிறிஸ்துராஜ் சாருக்கு
பதினோரு வருடமாக டைப் அடிக்கிறேன்.
நான்கெல்லை பார்க்காமல்
ஒரு சென்டில்கூடக் கைவைத்ததில்லை.
பார்த்துத்தான் வைத்தேன்:
நூற்று எழுபத்திரண்டு ஜிபி எனக்கு,
அதன் கிழக்கே அறுபது அவனுக்கு.
நீக்கு.
நிச்சயமா?
நிச்சயம்.
நாலு நொடியில் வெறும் பறம்பு.

அணைத்துப் போட்டேன்.
பத்தும் இல்லை, ஒன்பதும் இல்லை.
'அப்படியொரு பாகம் இல்லை' என்று
ஆங்கிலத்தில் ஒரு வரி.
அதன் கீழே துடித்துக்கொண்டு ஒரு கோடு.

ஞாயிறு ராத்திரி பத்தரை.
விடிந்தால் தக்கலை பத்திர ஆபீசில்
டோக்கனோடு வந்து நிற்பார்கள்
ரத்னபாயும் மூன்று அண்ணன்மாரும்.
அவர்களுடைய பாகப்பிரிவினை உள்ளே,
நான் வெளியே.

ஜெராக்ஸ் கடை ஷிபு மழைக்கோட்டோடு வந்தான்,
சட்டைப்பையில் பாலித்தீனில் சுற்றிய பென்டிரைவ்.
பார்த்ததும் சிரித்தான்:
"ஒங்க வீட்டுக்கு வழி
அவனுக்க பறம்பு வழியாட்டுல்லா கெடந்துது.
நீங்க வழியையும் சேத்துல்லா
இடிச்சுப் போட்டிய!"

இரண்டே வரிக் கட்டளை.
அவன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.
ஒரு இடைவெளி விட்டுப்போய்
முதல் தடவை கேட்கவில்லை.

'மேற்படி வஸ்துவுக்கு வந்து போக
வழிநடைப் பாத்தியமும் சேர்த்து.'
எத்தனை நூறு தடவை அடித்திருப்பேன்?
விரல் அடிக்கும். கண் படிக்காது.

காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு
அடுப்புக்குப் போனவள்
பழக்கத்தில் ஓடி வந்தேன்.
விரல் அம்பின் மேல்.
யாரும் எதுவும் கேட்கவில்லை,
நேரே என் முற்றம்.

ரத்னபாயின் பிரமாணத்தைத் திறந்து
இந்த முறை படித்தேன்.
மூத்தவனுக்கு ரோட்டோரம்.
அடுத்தவனுக்குக் கிணறும் புரையிடமும்.
இளையவனுக்குத் தென்னை நின்ற முப்பது.
பின்னால் ஓடைக்கரை வரை
ரப்பர் நாற்பத்திரண்டு சென்டு ரத்னபாய்க்கு.
மூன்று பக்கமும் அண்ணன்மார்,
நாலாவது பக்கம் தண்ணீர்.
மறுபடி படித்தேன்.
வழி எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

மணி ஆறேகால்.
சாருக்கு அடித்தேன், எடுக்கவில்லை.
மறுபடி அடித்தேன்.
அறுபது ஜிபி
இன்னும் யார் பெயரிலும் இல்லாமல் கிடக்கிறது.
பிறகு பார்க்கலாம்.
ரிங் போகிறது.