பா என்றால்

முதலில் பேசியவனுக்கு முகம் இல்லை.
வாட்ஸ்அப்பில் எட்டுப் படங்கள்.
எட்டிலும் ஒரே சிவப்புத் துண்டு, வேறு வேறு குட்டி.
முப்பது நாள்தான் மேடம், இப்பவே நல்லாச் சாப்பிடுது,
சில்க் போர்டு சிக்னலுக்கு வந்துடுங்க,
அட்டைப்பெட்டியில தர்றேன், பாதி இப்ப ஜிபே.
தாயைப் பார்க்கலாமா என்றேன்.
தாய் ஊர்ல இருக்கு என்றான்.
எந்த ஊர் என்றதும்
நீல டிக் விழுந்தது. பதில் விழவில்லை.

ஹெசரகட்டாவில் தேவீரம்மா
குட்டியைக் காட்டவே இல்லை.
எவர்சில்வர் தம்ளரில் மஜ்ஜிகெ கொடுத்துவிட்டுக்
கேட்க ஆரம்பித்தார்.
எத்தனையாவது மாடி, லிப்ட் நின்றுபோனால் என்ன செய்வாய்,
காலையில் போனால் எத்தனை மணிக்குத் திரும்புவாய்,
வீட்டுக்காரர் எழுதிக் கொடுப்பாரா,
பொங்கலுக்கு ஆம்பூர் போவாயே, அப்போது யார்?
என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம்கூட
அப்பா இத்தனை கேட்டதில்லை.
கேட்டிருக்கலாம்.

அவர் கன்னடத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன்,
நடுவில் எங்கோ இருவருக்கும் புரிந்தது.

அதன்பிறகுதான் கொல்லைக் கதவு.
கிண்ணத்தைத் தட்டி ஒரு சொல் சொன்னார்,
ஏழு குட்டிகள் உருண்டு வந்தன.
பின்னால் ரங்கி, முதோள் வேட்டைநாய்.
விலா எலும்பை எண்ணலாம், ஆனால் அது பசி இல்லை.
என் முழங்கையை மோந்தாள்.
சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை,
முலை தொங்கத் திரும்பி நடந்தாள்.
இது இரண்டாவது ஈற்று, இனி அவளுக்கு இல்லை.
ஐம்பத்தாறு நாள் ஆகாமல் ஒன்றும் வெளியே போகாது.
கண் சோதனை, இதயச் சோதனை, எல்லாக் காகிதத்தையும் தள்ளிவிட்டு
முத்திரைத்தாளில் ஒரே ஒரு வரியை
விரலால் தொட்டுக் காட்டினார்:
முடியாமல் போனால் என்னிடமே கொண்டு வா.
எந்த வருஷமானாலும்.

பஸ்ஸில் அதை மூன்று முறை படித்தேன்.
நான் கையெழுத்துப் போட்ட
வேறெந்தத் தாளிலும் இப்படி ஒரு வரி இருந்ததில்லை.

வால் நுனி வளைந்திருந்ததால் கொக்கி.
லிங்கராஜபுரம், மூன்றாம் மாடி.
செய்தித்தாள் விரித்த இடம் தவிர
எல்லா இடத்திலும் பெய்தது.
புத்தகம் சொன்னது: ஒரு சொல், ஒரே தடவை.
செய்ததும் மூன்று நொடிக்குள் கூலி,
சுண்டைக்காய் அளவு வேகவைத்த கோழி.
உட்கார் என்றேன்.
உட்கார் உட்கார் உட்கார் உட்காரேன்டா என்றேன்.
உட்கார்ந்தது.
பிறகுதான் உறைத்தது,
ஐந்து தடவை சொல்வதுதான் அந்தச் சொல் என்று
நானே கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

செருப்பைக் கடித்த அன்று கை ஓங்கினேன்.
அடிக்கவில்லை.
இரண்டு நாள் அந்தக் கையை மட்டும்
சுற்றிக்கொண்டு நடந்தது.
தரையில் உட்கார்ந்து அதே கையால்
பருக்கை பருக்கையாக ஊட்ட வேண்டியிருந்தது.

கல்கெரெ ஏரிக்கரையில் வாரின் கொக்கி கழன்றது.
பூனையோ காற்றோ, அது கண்டது எதுவென்று தெரியாது.
அதற்கு வேட்டைநாயின் கால்.
எனக்கு நாற்பத்து மூன்று வயதின் கால்.
வா என்றேன். கொக்கி வா. இங்கே வா. கம். கம்.
ரோட்டில் டெம்போ ஹாரன்.
எங்கிருந்தோ என் வாயில்
கிண்ணம் தட்டும் குரல்:
பா.
ஒரே தடவை.

நின்றது. காது மட்டும் முதலில் திரும்பியது.

கன்னடத்தில் பா என்றால் வா.
தமிழில் என்னவென்று இதற்குத் தெரியாது.
டைரி டைரியாக எழுதி வைத்திருக்கிறேன்,
ஒன்றுகூட இப்படிச்
சேற்றுக் காலோடு என்னிடம் திரும்பி ஓடிவந்ததில்லை.

முன்னால் வந்து, சொல்லாமலே உட்கார்ந்து,
கையைப் பார்த்தது.
பையில் துழாவினேன்.
சாவி. பஸ் டிக்கெட். இருமல் மிட்டாய்.
ஒன்று.
இரண்டு.