தலையணை இலவசம்

வினாடிக்கு முப்பத்தைந்து ரூபாய்.
காலை ஏழரைக்கு என்றால் ஐம்பது.
நள்ளிரவில் சும்மாவே கொடுப்போம்,
கூடையில் மீந்த சாளை மாதிரி.

வடசேரியில் புறப்பட்டு
தக்கலை, திங்கள்சந்தை, மார்த்தாண்டம் என்று
ஸ்கூட்டரில் காற்று விற்கப் போகிறவள் நான்.
"காத்துக்கா காசு?" என்று கேட்காத கடைகள்
இந்த ஒன்பது வருஷத்தில் மூன்று.

மைக்குக்குத்தான் முதலில் விண்ணப்பித்தேன்.
குரல் தேர்வில் "எனக்க பேரு" என்று தொடங்கியதும்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர்
பேனாவை மூடினார்.
விற்பனையில் ஆள் வேண்டும் என்றார்கள்.
அங்கே "எனக்க" நன்றாகவே விலைபோனது.

மெத்தைக்கடை எட்வின் பாக்கியநாதன்
ஆறு வாரம் நடக்க வைத்தார்.
ஏழாவது வாரம் நன்னாரி சர்பத் வாங்கித் தந்து
கையெழுத்திட்டார்.
குரலுக்குத் தனியாகப் பணமா?
"நீயே பேசு மோளே.
நல்ல மெத்தைன்னா நாய் குரைச்சாலும் விக்கும்."
பேசினேன்:
மெத்தை ஒண்ணு எடுத்தா தலையணை ரெண்டு சும்மா!
தினம் பதினான்கு தடவை, மூன்று மாதம்.
பள்ளிக்கூடத்தில் என் மகனுக்கே
தலையணை என்று பெயர் விழுந்தது.

பிறகு விற்காத காற்று ஒன்று வந்தது.

ரப்பர் மரங்கள் ரோட்டில் படுத்தன.
கரண்ட் இல்லை. டவர் இல்லை.
பேட்டரி ரேடியோ இருந்த வீடுகளில்
நாங்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தோம்.
கோயில் கோயிலாக ஆள் வந்து சொன்ன பெயர்களை,
கரை சேர்ந்த போட்டுகளின் பெயர்களை,
நான் எழுத எழுத அனீஷ் வாசித்தான்.
விளம்பரம் எல்லாம் நிறுத்து என்றார் சொர்ணப்பன் சார்.
நிறுத்தினோம்.
கம்ப்யூட்டருக்கு ஒன்று மட்டும் காதில் விழவில்லை.

சகாயமாதா.
ஜெனிபர் மோள்.
கடல்விளக்கு.
அப்புறம் நான், சிரித்துக்கொண்டே,
தலையணை ரெண்டு சும்மா என்றேன்.

பத்து வினாடி.
அனீஷ் என் பக்கம் திரும்பாமல்
அடுத்த பெயருக்குப் போனான்.

மாதக் கடைசி அறிக்கையில் அந்த வரி இருந்தது:
இரவு 9.42. ஒலிபரப்பானது.
ஓடாத நாற்பத்திரண்டையும்
கிறிஸ்மஸ் வாரத்தில் ஓட்டித் தரச் சொன்னார் எட்வின்.
"ஒண்ணு ஓடிச்சுல்லா" என்று
முந்நூற்றைம்பது எண்ணி வைத்தார்.
ரசீது போட்டேன்.

தவக்காலத்தில் இனயம் போனேன்,
ஐஸ் கம்பெனிக்கு இருபது வினாடி கேட்டு.
கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள்
தலையைத் தூக்காமலே கேட்டாள்:
"நீ அந்த மெத்தக்காரி இல்லியா?"

நான் ரேட் கார்டை எடுக்கவில்லை.

"கடல்விளக்குக்குப் பெறவு நீ வந்தே."
கால்குலேட்டரில் எதையோ அழுத்தினாள், அழித்தாள்.
"அடுத்தது எங்களுக்கதுன்னு
மூச்சப் புடிச்சிட்டு நின்னேன்.
நீ பேசி முடியது வரைக்கும்."

என்னவோ சொல்ல வாய் திறந்தேன்.
வரப்போனது அந்த விளம்பரக் குரல்தான்.
மூடிக்கொண்டேன்.
உள்ளே ஐஸ் உடைக்கும் மெஷின்
ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

"செரி, சொல்லு.
அந்தத் தலையணை மெய்யாட்டு சும்மதான் குடுப்பினுமா?"

"குடுப்பினும்."

"ரெண்டும்?"

"ரெண்டும்."