ஏப்ரன் பை

திபிலிசி ரயில்நிலையத்தின் பின்வாசலில்
மக்வாலாவின் சலவைக்கடை.
யார் உடுப்பு வந்தாலும் முதலில் பை பார்ப்பாள்:
மெட்ரோ கார்டு, சூரியகாந்தி விதைத் தோல்,
ஒருமுறை கல்யாண மோதிரம்.

தன் ஏப்ரன் பையை மட்டும் பார்ப்பதில்லை.
சோப்புக்கார ஜும்பேருக்குப் பாக்கி,
வெள்ளிக்கிழமை ஹோட்டல் விரிப்பு முப்பது,
வரி, கசியும் குழாய்,
மகனின் பல், வாடகை, மறுபடி வரி
என்று நினைத்ததையெல்லாம் துண்டுச்சீட்டில் எழுதித்
திணித்துக்கொண்டே இருந்தாள்.
படுத்தாலும் காதுக்குள் சரசரக்கும்.

நேற்று அசதியில்
ஏப்ரனும் மெஷினுக்குள் போய்விட்டது.

கதவைத் திறந்தால்
பாதிரியாரின் கறுப்பு அங்கியெங்கும் பனி.
தரையில் உட்கார்ந்து
பொருக்குப் பொருக்காகப் பிய்த்தாள்.
ஒன்றில் பாதி எண்.
ஒன்றில் ‘உடனே’.
எதை உடனே?

முதலில் அழுகை.
அப்புறம் எதற்கென்று தெரியாமல் சிரிப்பு.

அங்கி மறுபடி கறுப்பாகும்வரை
யோசித்துப் பார்த்தாள்.
நினைவுக்கு வந்தவை நான்குதான்.
மெஷின் மூடியில் சாக்பீஸால் எழுதிவிட்டுத்
தூங்கிப்போனாள், ஹோட்டல் விரிப்புகள் மேலேயே.

ஐந்தாவது
காலை பத்து மணிக்குத் தானே வந்து
கதவைத் தட்டியது.
“வாங்க ஜும்பேர்,” என்றாள்,
“உங்களைத்தான் துவைத்துவிட்டேன்.”