பதினான்காவது பெட்டி

மின்சாரம் போய்விட்டது.
ரங்கூன், ஐம்பத்தோராம் தெரு, மூன்றாம் மாடி,
முட்டை அட்டைகளை ஒட்டிச் சத்தம் அடக்கிய ஸ்டூடியோ.
கீழே ஜெனரேட்டரை யாரோ உதைக்கிறார்கள்.
பர்மிய மொழியில் பாட்டு எழுதி விற்பவள் நான்.
பாட்டின் அடியில் மா தீரி,
வீட்டுக்குத் திரிபுரை.

"மமா," என்கிறான் பாடவந்த கோ ஸெயா,
"உங்கள் பாட்டில் மட்டும் ஏன்
ரயில் வருவதே இல்லை?"

அது கப்பல்காரன் தப்பு, தம்பி.

அம்மாவுக்கு அப்போது பத்து வயது.
மௌல்மேனுக்கு ஒரு கறுப்புவெள்ளைப் படம் வந்தது.
பதினான்கு பெட்டி என்றது ரசீது,
துறையில் இறங்கியது பதிமூன்று.
ரயில்வே கேட்காரன் மகள் லாந்தரைத் தூக்கிப் பிடிக்கிறாள்,
தண்டவாளம் அதிர்கிறது,
அவள் கன்னத்தில் வெளிச்சம் ஏறுகிறது, ஏறுகிறது,
பிறகு வெறும் வெள்ளைத் திரை.

நாற்காலி பறந்தது.
"நாளைக்கு வந்துடும்" என்றார் மேனேஜர்.
பதினோரு வாரம் சொன்னார்.
சனமும் பதினோரு வாரம் போனது.
ரயில் நின்றது என்றார் எண்ணெய் ஆலை மேஸ்திரி அந்தோணிமுத்து.
நிற்காது, அவன் குதிப்பான் என்றார் அவர் மச்சான்.
அதற்காக நான்கு வருஷம் இருவருக்கும் பேச்சில்லை.
அம்மா எந்தப் பக்கமும் சேரவில்லை.
உலை வைத்துவிட்டு ஒரு கையைத் தூக்கி
அப்படியே நிற்பாள்,
பொங்கி அடுப்பு அணையும்வரை.

அந்தக் கையைத்தான் நான் விற்றேன்.
தண்ணீர்த் திருவிழாப் பாட்டில்
வெள்ளிக் கிண்ணம் ஏந்தி நிற்பாள், லாரி வராது.
சிம்கார்டு விளம்பரத்தில்
மணி அடிக்கும், எடுக்கமாட்டான்.
கொரியாவிலிருந்து மெட்டு வந்தாலும்
உள்ளே அந்தக் கேட் மூடித்தான் இருக்கும்.
நேற்று முளைத்த பிள்ளைகளும் இப்போது
போன் டார்ச்சைத் தூக்கிக் கொடுத்து
ஒருத்தியை நிற்கவைக்கிறார்கள்.
ராப்பில்கூட நிற்கிறாள்.
யாரிடமிருந்து எடுத்தோம் என்று அவர்களுக்குத் தெரியாது.
எனக்கு மட்டும் தெரியுமா என்ன,
நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை.

முந்தாநாள் பார்த்தேன்.
யாரோ முழுசாக வலையேற்றியிருந்தார்கள்.
போனில் ஒன்பது சதவீதம்.
நேராகக் கடைசிக்கு ஓட்டினேன்.

ரயில் நிற்கிறது.
அவன் இறங்குகிறான், மீசையில் சிரிப்பு.
தாலி, நாதஸ்வரம், காமெடியன் வழுக்கி விழுகிறான்.
சுபம்.

அடப்பாவிகளா.
இதற்கா என் அம்மா சோற்றைப் பொங்கவிட்டாள்?

ஜெனரேட்டர் இருமிப் பிடித்துக்கொண்டது.
ஸெயா ஹெட்போனை மாட்டுகிறான்.
"மமா, கடைசி வரியை மாத்தலாமா,
ஒரு தடவை ரயில் வரட்டுமே?"

பொறு.
அவன் இறங்கியதும் அவள் ஓடுகிறாள் இல்லையா,
லாந்தரைத் தரையில் வைத்துவிட்டு?
காமிரா அவர்களோடு போய்விடுகிறது.
போகுமுன் ஓரத்தில் ஒரு நொடி
எரிந்துகொண்டே இருக்கிறது அது.
கேட்டைத் திறக்க ஆளில்லை.
அந்தப் பக்கம் ஒரு மாட்டுவண்டி.

வண்டிக்காரன் யார்?
பேனாவை எங்கே வைத்தேன்.