வெளியேறிய காரணம்

சனிக்கிழமை காலை ஒன்பதுக்குக்
குளிர்கிடங்கின் பக்கவாட்டுக் கதவைத் திறப்பவர் வாஷிங்டன்.
இந்த ஊரில் அது சாதாரணப் பெயர்.
இங்கே நெல்சன் மீன் விற்கிறார்,
மில்டன் பேருந்து ஓட்டுகிறார்.
கக்கத்தில் இடுக்கி வரும் சுடுநீர்க் குடுவையும்
மாத்தேக் கோப்பையும்
ஜன்னலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.
விதி நான் போட்டது.
முதல் மாதமே ஒரு ரஷ்யனின் புகைப்பட முகத்தில்
பச்சைச் சாறு சிந்திவிட்டது.

உருகுவே ஆற்றங்கரையில்
மாட்டை டப்பாவில் அடைத்து
உலகத்துக்கெல்லாம் அனுப்பிய ஆலை.
மூடி நாற்பது வருஷமாயிற்று.
அடித்தளத்தில் வெள்ளம் ஏறிய பிறகுதான்
நகராட்சிக்கு நினைவு வந்தது,
கீழே பதினெட்டாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று.
ஆளுக்கு ஓர் அட்டை.
சம்பளம் கிடையாது, கையுறை இலவசம்.
அதுவும் ஒரே அளவு.

ஏன் போகிறாய் என்று மகன் கேட்டான்.
வீட்டில் கணப்பு சரியில்லை என்றேன்.
இங்கே கணப்பே இல்லை.

நான் மருந்துக்கடைக்காரி.
முப்பத்தோரு வருஷம் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்தவள்.
அதனால் கையெழுத்து என் பொறுப்பு.
கணினி நேலிதாவுக்கு.
துருப்பிடித்த கிளிப்புகள் வாஷிங்டனுக்கு.
ஆடும் பல்லைப் போல ஒவ்வொன்றாகக் கழற்றி
ஆலிவ் ஜாடியில் போடுவார்.
ஜாடி நிறைந்தால் எடை பார்ப்போம்.
இதுவரை ஒன்பது கிலோ.

ராமபாணப் பூச்சி பெயர்களை விட்டுவிட்டுப்
பசையைத் தின்கிறது.
பெயர்களைத் தின்றவன் கணக்குப்பிள்ளை.
ஒரே லித்துவேனியனை மூன்று அட்டையில்
மூன்று ஆளாக எழுதி வைத்திருக்கிறான்.
மூன்று பேருக்கும் இடது சுண்டுவிரல் இல்லை.
விரலைப் பிடித்துத்தான்
ஆளை ஒன்று சேர்த்தோம்.

அட்டையின் கடைசிக் கட்டம்:
வெளியேறிய காரணம்.
சொந்த விருப்பம். இருமல். வேலைநிறுத்தம்.
வரவில்லை.
இந்த 'வரவில்லை'யை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று
இரண்டு சனிக்கிழமை சண்டை போட்டோம்.
இன்னும் தீரவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள், மழை.
நான் வாசிக்க வாசிக்க நேலிதா தட்டுகிறாள்.
எண் பதினோராயிரத்து நானூற்றாறு.
இலாரியோ பர்ரெய்ரோ.
நாக்குப் பிரிவு.
உயரம் ஒன்று அறுபத்திரண்டு.
காரணம்

நின்றுவிட்டேன்.
எழுத்து விளங்காதவள் போல
அட்டையை இப்படியும் அப்படியும் சாய்த்தேன்.
முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை.

"படி" என்றாள் நேலிதா பர்ரெய்ரோ, திரும்பாமல்.
"மை கலைந்திருக்கிறது."
"படி."
"திருட்டு. நாக்கு டப்பா, இரண்டு."

விசைகளின் சத்தம் நிற்கவில்லை.
"பெரிதா, சின்னதா?"
"போடவில்லை."
"பெரிது.
எனக்கு அன்றைக்கு ஏழு வயசு முடிந்தது.
அப்பா சட்டையைத் தூக்கி எடுத்தார்.
வயிற்றில் இரண்டு வட்டம் சிவந்திருந்தது."

அட்டையில் இல்லாததைப் பட்டியலில் ஏற்றக் கூடாது.
அந்த விதியும் நான் போட்டதுதான்.
வாஷிங்டன் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு
என்னையே பார்த்தார்.
நான் ஜாடியைப் பார்த்தேன்.

நேலிதா கையை நீட்டினாள்.
அட்டையை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தாள்.
'நிலை' என்று ஒரு கட்டம் உண்டு,
காகிதத்தின் சேதத்தை மட்டும் குறிக்க.
அதில் அடித்தாள்:
வலது ஓரம் கிழிசல்.
நடுவில் கொழுப்புக் கறை, வட்டம், இரண்டு.

கறை இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.
கையுறையோடு துடைத்தால் துலங்காது,
தெரியும்.

"அடுத்தது" என்றாள்.

நானூற்றேழு.
ஒரு பல்கேரியன். பெயரில் பாதி இல்லை.
காரணம்:
வரவில்லை.