ஐயா

மூன்று கிழமையாக ஒரே வசனத்தோடு
மல்லுக்கட்டுகிறேன்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
மடிக்கும் மெஷின் ஒரு விரிப்புக்கு நாலு செக்கன் எடுக்கும்.
அந்த நாலுக்குள் கேள்வி, இடைவெளி, பதில்.
பதில் முந்தினால் விரிப்பு சிரிக்காது.
பிந்தினாலும் சிரிக்காது.
விரிப்பு எப்படியும் சிரிக்காது என்றார்
பக்கத்தில் நிற்கும் போலந்துக்காரர் கஸிமிர்.
அது என்னுடையதைவிட நல்ல பகிடி.

வுப்பர்டாலில் ரயில் ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும்.
அதைப் பற்றி எல்லாரும் பகிடி விட்டாயிற்று.
குப்பைத் தொட்டிகளின் நிறம், விட்டாயிற்று.
ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடக் கூடாது, அதுவும்.
தேய்ந்த செருப்புக்குள் கால் சுலபமாய் நுழையும்;
நடக்கும்போதுதான் தெரியும்
பள்ளம் எல்லாம் வேறொருவரின் விரலுக்கு என்று.

எஞ்சியது இது மட்டும்:
விசாரணை அறை. மேசைக்கு அப்பால் அதிகாரி.
"திரும்பிப் போனால் உன்னைக் கொல்லுவார்கள் என்பதற்கு
எழுத்தில் ஆதாரம் உண்டா?"
"இல்லை ஐயா. கொன்றதும் தபாலில் அனுப்பிவைக்கிறேன்."

கிருபாலினி இஸ்திரி போட்டபடி கேட்டாள்.
மூக்கால் கொஞ்சம் காற்று வந்தது.
அரைச் சிரிப்பு என்று கொப்பியில் குறித்தேன்.
"தடிமன்" என்றாள்.

கடைசிவரை வினைச்சொல்லை ஒளித்துவைப்பதில்
தமிழும் ஜெர்மனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.
முள் அங்கேதான் இருக்கிறதென்று நம்பினேன்.
'தபாலில்' முன்னுக்கா, பின்னுக்கா?
'அனுப்பிவைக்கிறேன்' வருமுன்
மூச்சு ஒன்றா, ஒன்றரையா?
'பதிவுத் தபால்' என்று மாற்றினேன். கனத்தது.
'இரண்டு நகலுடன்' என்று சேர்த்தேன்.
ஒரு பிள்ளைக்கு மூன்று தொப்பி.
கழற்றினேன்.

எல்பர்ஃபெல்டில் ஒரு பியர்க்கடையின் பின்னறை.
யென்ஸ் என் பெயரை நாலாய் உடைத்து அறிமுகம் செய்தான்.
முப்பத்தொரு பேர். எண்ணினேன். பயந்தவன் எண்ணுவான்.
ஜெர்மனில் கேள்வி. இடைவெளி.
"இல்லை" என்பதும் ஜெர்மனில்தான்.
"ஐயா" மட்டும் தமிழ்.
மாற்றுச் சொல் தேடி அலுத்து விட்டுவைத்தது அது.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் வெடித்தாள்.
இன்னும் தபாலே வரவில்லை!
கையால் வாயைப் பொத்தினாள், பிறகு கைப்பையால்.
தோள் குலுங்கியது. கதிரை கிறீச்சிட்டது.
மிச்ச முப்பது பேரும்
அவள் அழுகிறாள் என்று நினைத்து
மரியாதையாக அடங்கிப்போனார்கள்.
அந்த அமைதிக்குள்
நான் மூன்று கிழமை தீட்டிய வினைச்சொல்
ஈரத் துணியாய் விழுந்தது.
யாரோ ஒருவர் ஆறுதலாகக் கைதட்டினார்.

வெளியே மழை. கூரை விளிம்பில் நின்றாள்.
மங்களேஸ்வரி. இருபத்திரண்டு வருஷம்
அதே மாதிரி அறைகளில் மொழிபெயர்ப்பாளர்.
"அந்த ஐயாவை நான் ஒருநாளும் மொழிபெயர்த்ததில்லை, தம்பி.
வசனத்துக்கு ஒண்டு வைப்பினம். அழுதாலும் வைப்பினம்.
அதிகாரிக்கு நேரமில்லை எண்டு நான் விட்டிடுவன்.
எத்தினை ஆயிரம் ஐயா!"
மறுபடி தொடங்கிவிட்டது அவளுக்கு.
குடை ஒரு பக்கம் சரிந்தது.
"எல்லாம் எங்க போச்சுதோ."

அடுத்த வியாழன் 'ஐயா'வை நீட்டிச் சொன்னேன்.
குனிந்து சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.
முப்பத்தெட்டுப் பேர்.
விரிப்புகள்.

திங்கட்கிழமை கஸிமிருக்கு முழுவதையும் சொன்னேன்,
மங்களேஸ்வரியையும் மழையையும் சேர்த்து.
முகத்தில் ஒன்றும் அசையவில்லை.
விரிப்பு ஒன்று மடிந்து விழுந்தது.
பிறகு கேட்டார்:
"சரி, அந்த ஐயா என்கிறவருக்கு விசா கிடைத்ததா?"

சரியாக நாலு செக்கன்.