பத்தாவது ஷரத்தில் ஓர் அண்டா

கப்பலில் அடிமை ஒருவரும் இல்லை.
அதனால்தான் வழக்கு நீண்டது.

பலோமா என்று பெயர்;
புறா என்று பொருளாம்,
எழுத்தர் சொன்னார், சிரிக்காமல்.
காலினாஸ் முகத்துவாரத்தில் மடக்கி
ப்ரீடவுன் துறைக்கு இழுத்து வந்தார்கள்.
உள்ளே எலி, ஈரம்,
அளந்து அறுத்து எண் போட்ட பலகைகள்.
மாலுமிகள் இருபது பேர்,
தண்ணீர்ப் பீப்பாய் நூற்றுப்பத்து.

"பனையெண்ணெய் வாங்கத்தான்" என்றான் கப்பித்தான்.
பனையெண்ணெய்க்கு விலங்கு எதற்கு என்று
யாரோ கேட்டார்கள்.
நங்கூரத்துக்கு என்றான்.

நான் துபாஷி.
மீட்டு வருகிறவர்களிடம் பெயர் கேட்பது என் வேலை.
கேட்க ஆளில்லாத அன்று
அளவுகோலைக் கையில் கொடுத்தார்கள்.

இரண்டு தேசங்கள் அரக்கு உருக்கி ஒட்டிய தாள்,
பத்தாவது ஷரத்து:
ஆள் இல்லாவிட்டாலும் போகட்டும்,
தேவைக்கு மீறிய தண்ணீர் குற்றம்,
தேவைக்கு மீறிய அரிசி குற்றம்,
தேவைக்கு மீறிய அண்டா குற்றம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
இங்கே சோறே இல்லை.
வெறும் பானையில் பதம் பார்க்க உட்கார்ந்தது
கோர்ட்டு.

குனிந்து அளந்தேன்.
வாய் அகலம் மூன்றடி நாலங்குலம்.
உள்ளே என் குரல் போட்டுப் பார்த்தேன்.
இதன் அக்காள் ஒருத்தியை எனக்குத் தெரியும்.
மரத்தொட்டிக்குப் பத்துப் பேர்,
கரண்டி ஒன்று,
மூன்றாம் நாளில் எட்டுப் பேர்,
கரண்டி அதே ஒன்று.
ஆழம் எவ்வளவு என்று மேலிருந்து கேட்டார்கள்.
இரண்டடி ஒன்பது அங்குலம் என்றேன்.
அதை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

நானும் ஒரு காலத்தில் எழுதப்பட்டவன்.
எண் மூவாயிரத்து இருநூற்றுப் பதினேழு,
உயரம் நாலடி ஓரங்குலம்,
வலக் கன்னத்தில் மூன்று கீறல்.
ஓகுன்பியி என்றேன்.
அவர் காதில் அது நுழையவில்லை,
தாமஸ் ஹார்ட் ஆனேன்.

தீர்ப்பு வந்தது.
புறாவைக் குறுக்கே அறுத்தார்கள்,
இன்னொருவன் வாங்கி
இன்னொரு பெயர் பூசி
திரும்ப ஓட்டிப் போகக் கூடாதென்று.
பலகைகள் ஏலம். விலங்குகள் கொல்லனுக்கு.
வெள்ளைக்காரர் ஒருவர் பாய்த்துணியைக் கேட்டார்.
அண்டாவை யாரும் கேட்கவில்லை,

அசாபி கேட்டாள்.
பதினோரு ஷில்லிங், எல்லாம் செப்புக் காசு,
முந்தானையிலிருந்து எண்ணி எண்ணி.
கிஸ்ஸி ரோட்டில் அவரைக் கஞ்சி விற்கிறவள்.
எந்தக் கப்பலில் வந்தாள் என்று
நான் கேட்டதில்லை; அவளும் என்னை.

மணலும் எலுமிச்சையும் போட்டு
மூன்று நாள் தேய்த்தாள்.
நாலாம் நாள் அடுப்பேற்றினாள்.
"நானூறு பேர் வயிறு இதற்கு,
நாற்பது பேர்கூட வருவதில்லை.
விறகுதான் தண்டம்" என்று
என்னைத் திட்டினாள்,
நான்தான் அளந்தவன் என்பதால்.

நான் அங்கே சாப்பிடவில்லை.
வாசனை வரைக்கும் போவேன்,
திரும்பிவிடுவேன்.

மழை தொடங்கிய வாரம்
குன்றுமேல் கொடி ஏறியது.
இன்னொரு கப்பல்.
இதில் ஆள் உண்டு.

கோர்ட்டுச் சேவகன் என்னைத் தேடி
அவள் கடை வழியே ஓடிவந்தான்.
"எத்தனை பேர்?" என்றாள் அசாபி.
"இன்னும் எண்ணவில்லை" என்றான்.
அவள் வேறெதுவும் கேட்கவில்லை.
குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள்,
அண்டா தன் விளிம்பை
முதல்முறையாகத் தொடும்வரை.

தொப்பியைத் தேடிக்கொண்டிருந்த என்னிடம்
புகைக்குள்ளிருந்து சொன்னாள்:
"போனதும் பெயர் கேட்டு நிற்காதே.
சட்டியில் கொஞ்சம் எடுத்துப் போ,
உப்பு போதுமா என்று கேள்."

உப்புக்கு எங்கள் பேச்சில் இயோ.
படித்துறை வரை
அந்த ஒரு சொல்லையே
சொல்லிக்கொண்டு நடந்தேன்,
சட்டி சுட்டது.